விட்டு விட்டு ஊதிய சங்கு

பல்லுக்கு நடுவில் மரக்கட்டையைக் கடித்துக்கொண்டு நாற்பது பெண்கள் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். அந்தக் காட்சியை நான் ஒரே ஒரு நாள்தான் கண்ணால் கண்டேன். கட்டை என்றால் நூல் சுற்றுகிற பாபின். உடைந்துபோனவற்றைப் பாதியாக அறுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். குண்டு விழுகிற அதிர்ச்சியில் பல்லோடு பல் மோதி நாக்கு அறுந்துபோகும், அதனால் ரப்பர்த் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று சர்க்கார் நோட்டீசில் போட்டிருந்ததாம். நாற்பது பேருக்கு ரப்பருக்கு எங்கே போவது? அதனால் பாபின். "வெத்தல போடுற வாயில கட்டையத் திணிச்சா நான் எங்கிட்டுத் துப்புறது, வார்டண்ணே?" என்று ஒரு அக்கா கட்டையை எடுத்துவிட்டுக் கேட்டாள். படுத்தபடியே எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். "ஜப்பான்காரன் மேல துப்பு. இப்பக் கடி" என்றார் வார்டன். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான், அடுத்தது நம் பக்கம்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. மதுரையிலிருந்து சமயநல்லூர் போகிற சாலையில் ஒரு நூல் மில் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே பாய்லர் கொட்டகையில் எனக்கு வேலை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. கரி அள்ளிப் போடுவதும், நேரத்துக்கு நீராவிச் சங்கின் சங்கிலியைப் பிடித்து இழுப்பதும் என் பொறுப்பு. ஷிப்டுக்கு ஒரு நீண்ட சங்கு. அதைக் கேட்டுத்தான் சுற்றுவட்டாரத்தில் உலை வைப்பார்கள், வயலில் களை எடுக்கிறவர்கள் கரையேறுவார்கள். மீனாட்சி எனக்குக் கொடுத்த வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டு, குளித்துத் திருநீறு பூசாமல் ஒருநாளும் அந்தச் சங்கிலியைத் தொட்டதில்லை.

வார்டன் என்று நாங்கள் சொன்னவர் ரீலிங் பகுதிக்கு மேஸ்திரி. நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற இடம் அது. வேலை செய்தவர்கள் முழுக்கப் பெண்கள். எழுமலைப் பக்கத்து மனிதர். மழை பொய்த்த ஒரு வருஷம் மண்வெட்டியை வைத்துவிட்டு மில்லுக்கு வந்தவர். விமானத் தாக்குதல் தற்காப்புக்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வார்டன் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது மேஸ்திரிகளைப் பிடித்து ஆளுக்கொரு தகரத் தொப்பியும் கைப்பட்டையும் கொடுத்தார்கள். மற்ற மேஸ்திரிகள் தொப்பியில் தேங்காய் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். இவர் ஒருவர்தான் அதைத் தலையில் வைத்தார்.

யுத்தத்துக்கு முன்னால் எங்கள் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. தீப்பிடித்தால் சங்கை விட்டு விட்டு ஊத வேண்டும்; கேட்டவுடன் எல்லோரும் மில் வாசலுக்கு ஓட வேண்டும். பஞ்சு இருக்கிற இடத்தில் நெருப்புக்குத்தான் பயம். உத்தரவு வந்தபிறகு அது மாறிவிட்டது. விட்டு விட்டு ஊதினால் ஆகாய விமானம் வருகிறது என்று அர்த்தம். யாரும் வெளியே ஓடக்கூடாது, கதவைத் தாழிட்டுத் தரையில் படுக்க வேண்டும். நீட்டி ஊதினால் ஆபத்து போய்விட்டது, எழுந்து வெளியே வரலாம். தீக்கு என்ன செய்வது? வாசல் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, தீ என்றால் அதை அடிக்க வேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டினார்கள். ரீலிங் கொட்டகையின் வடக்கு வாசலுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினார்கள். குண்டுச் சிதறல் உள்ளே வராதாம். அப்புறம் போகவர இருந்தது தெற்கு வாசல் ஒன்றுதான். அதற்கு அடுத்தாற்போல் பஞ்சுக் கிடங்கு.

அந்தப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆகவே வார்டன் தாளை நம்பவில்லை. "விட்டு விட்டு ஊதினா படு, நீட்டி ஊதினா எந்திரி" என்று வாயால் சொல்லவைத்தார், பிறகு உடம்பால் செய்யவைத்தார். வாரத்துக்கு இரண்டு ஒத்திகை. பாய்லர் கழுவ நிறுத்தியிருந்த ஒரு நாள் சங்குக்குப் பதில் அவரே ஊதல் ஊதினார். அன்றுதான் நான் போய்ப் பார்த்தது. எல்லோரும் படுத்ததும் அவர் வெளியே போய்த் தெற்குக் கதவைத் தட்டினார். "ஏத்தா, கதவைத் தெறங்க, நான்தான்" என்றார். ஒருத்தி எழுந்துபோய்த் திறந்துவிட்டாள். அவர் அவளைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நான் கூப்பிட்டாத் தெறப்பியா? உங்கப்பன் கூப்பிட்டாத் தெறப்பியா? நீட்டிச் சங்கு கேக்குற வரைக்கும் அந்த மீனாட்சியே வந்து தட்டினாலும் தெறக்கக் கூடாது." அதற்கப்புறம் ஒவ்வொரு ஒத்திகையிலும் தட்டிப் பார்ப்பாராம். ஒருவரும் திறந்ததில்லையாம். மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஜில்லாவிலேயே இப்படி ஒழுங்கை எங்கும் பார்த்ததில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி உண்டு. பதினெட்டு வயது இருக்கும். தெரிந்தவர் வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அவள்தான் ஒத்திகை முடிந்து பாவாடையைத் தட்டிக்கொண்டே, "அண்ணே, தீப்பிடிச்சா என்ன செய்யணும்?" என்று கேட்டாள். "மணி அடிக்கும், வெளிய ஓடணும்." "மெசினு ஓடுறப்ப மணி கேக்குமா?" வார்டன் மறுநாள் வேலை நேரத்தில் ஒரு ஆளை விட்டுத் தண்டவாளத்தை அடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே நின்று பார்த்தார். ஒரு தலைகூட நிமிரவில்லை.

அவர் ஆபீசுக்குப் போனார். மேனேஜர், எழுதிக் கொடும் என்றார். எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. மறுபடியும் போனார். "மழை விட்டதும் பார்க்கலாம்" என்றார்கள். மூன்றாவது தடவை மேனேஜர், "ஓய், தீ நம்ம மில்லுல கடைசியா எப்ப வந்தது? குண்டு வருதுன்னு சர்க்கார் சொல்லுது. நீர் தீ வருதுங்கிறீர்" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு வார்டன் என் கொட்டகையில் கரி மூட்டை மேல் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு செய்யி தம்பி" என்றார். "தீன்னு வந்தா நீ விட்டு விட்டு ஊதாத. நீட்டி ஊது. நீட்டி ஊதினா வெளிய வரலாம்னு எம்புள்ளைகளுக்குத் தெரியும், கதவைத் தெறந்திரும். தெறந்தாப் போதும், நான் வெளிய இழுத்துப் போட்டுருவேன்." எனக்கு அது சரி என்றே பட்டது. "சரிண்ணே" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "மறந்துர மாட்டியே" என்றார். "சங்கிலியப் பிடிச்சு நாலு வருசமாச்சு, மறப்பனா" என்று சிரித்தேன்.

மாசி மாதக் கடைசி. உச்சி வெயில் சாய்ந்து கொஞ்ச நேரம். பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்துவிட்டது. எப்படி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இஞ்சினியர் என் கொட்டகைக்குள் ஓடி வந்தார். பதினைந்து வருஷம் அந்த மில்லிலேயே இருந்தவர்; பதறின நேரத்தில் அவர் வாயில் பழைய வழக்கம்தான் வந்தது. "தீ, தீ, விட்டு விட்டு ஊது" என்று கத்தினார். நான் ஊதினேன். அவர் சொல்லாமல் சங்கிலியைத் தொடக்கூடாது, சொன்னால் தொடாமல் இருக்கக்கூடாது. அது எங்கள் கொட்டகைச் சட்டம். வார்டன் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது இழுப்பில் ஞாபகம் வந்தது. ஏழெட்டு முறை இழுத்தேன்.

அதற்குள் வார்டன் வாசலில் நின்றார். சாப்பாட்டுத் தூக்குக் கழுவப் போயிருந்தவர் அப்படியே ஓடி வந்திருக்கிறார், கை ஈரமாக இருந்தது. "என்னப்பா செஞ்ச? அம்புட்டும் படுத்துருக்கும். நீட்டி ஊது." நான் இஞ்சினியரைப் பார்த்தேன். இஞ்சினியர், "கூடாது. நீட்டி ஊதினா ஓடினவங்யெல்லாம் ஒண்ணுமில்லன்னு திரும்ப உள்ள வந்துருவாங்ய" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. வார்டன் என்னைப் பார்த்து, "நீட்டி ஊதுப்பா. நான் போய்க் கதவுகிட்ட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். நான் இழுப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இஞ்சினியர் தண்ணீர்ப் பம்பைப் பார்க்க ஓடினார்.

நான் மட்டும் நின்றேன். சங்கிலி கைக்கு எட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இஞ்சினியர் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கணக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நின்றேன். ரீலிங் கொட்டகைக் கூரைக்கு மேல் கரும்புகை எழும்பினதைக் கண்டபிறகுதான் சங்கிலியைப் பிடித்து நீட்டி இழுத்தேன். அன்றைக்கு அந்தச் சங்கு மதுரை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னவள் அந்த வெற்றிலைக்கார அக்கா. விட்டு விட்டுச் சங்கு கேட்டதும் தெற்குக் கதவைத் தாழிட்டுக் கட்டையைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு தடதடவென்று அடிபட்டது. "தெறங்கத்தா, தீ, தெறங்க" என்று வார்டன் குரல். "சோதிக்கிறாருன்னு நெனச்சோம் தம்பி. இன்னைக்கு என்ன இந்தக் கத்துக் கத்துறாருன்னு எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. தெறக்கப் போன ஒருத்தியக் கால்ல பிடிச்சு இழுத்துப் படுக்கப் போட்டேன்." பிறகு குரல் நின்றுபோனது. அவர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் ஓடி மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளியிருக்கிறார். ஒற்றை ஆள். கதவை உடைத்து உள்ளே வந்து கிட்டத்தில் இருந்தவர்களைத் தலைமயிரைப் பிடித்து வெளியே தள்ளினார்; அதைக் கண்டு மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். அந்தச் சமயத்தில் என் சங்கு நீட்டி ஊதியது. மறுகோடியில் தெற்குக் கதவின் அருகில் படுத்திருந்த ஆறு பேர், சொல்லிக்கொடுத்தபடியே எழுந்தார்கள். தாழை நீக்கிக் கதவைத் திறந்தார்கள். அவர் சொன்னவுடன் நான் நீட்டி ஊதியிருந்தால் அந்தக் கதவுக்கு வெளியே வெறும் வெயில்தான் இருந்திருக்கும். நான் ஊதிய நேரத்தில் கிடங்குத் தீ அங்கே வந்து நின்றுகொண்டிருந்தது.

அந்த ஆறு பேரை இழுக்க வார்டன் மறுபடியும் உள்ளே போனார். வரவில்லை. மறுநாள் காலை ஒவ்வொருவராக வெளியே எடுத்துவைத்தார்கள். மேலூர்ப் பக்கத்துப் பெண்ணின் வாயில் பாதிப் பாபின் இருந்தது. மற்றப் பகுதிகளில் வார்டன்கள் ஒன்றும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததில்லை. சங்கு கேட்டதும் என்ன ஏது என்று வேடிக்கை பார்க்க வெளியே வந்தார்கள். அங்கே ஒரு உயிருக்கும் சேதமில்லை.

விசாரணை நடந்தது. என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் இஞ்சினியர் தனியே அழைத்து, "உனக்கு மூணு புள்ளைக. யாரும் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லு. போனவரு போயிட்டாரு" என்றார். துரை ஒருவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். நீட்டி ஊதச் சொல்லி யாராவது சொன்னார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். வார்டன் எழுதிக் கொடுத்த கடிதமும் ஆபீசில் அகப்படவில்லை. வார்டன் தீயைப் பற்றித் தன் ஆட்களுக்கு ஒன்றும் சொல்லிவைக்கவில்லை, அவருடைய அஜாக்கிரதையே உயிர்ச்சேதத்துக்குக் காரணம் என்று முடிவெழுதி, மில் வாசலில் வைத்து மேனேஜர் வாசித்தார்.

மில்காரர் தெருவில் செத்தவர்களின் வீடுகளும் இருந்தன, வார்டன் வீடும் இருந்தது. அவர் மனைவி குழாயடிக்குத் தண்ணீர் எடுக்க வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போனார்கள். ஒரு நாள் விடிந்து பார்த்தால் அவள் வாசலில் அறுத்த பாபின் கட்டைகளை யாரோ கொட்டிவைத்திருந்தார்கள். அவள் அவற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்ததை நான் சைக்கிளில் போகும்போது பார்த்தேன். இறங்கவில்லை. அந்த மாதமே மகளைக் கூட்டிக்கொண்டு எழுமலைக்குப் போய்விட்டாள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பூசை நேரத்தில் சங்கு எடுத்து ஊதினார்கள் என்றால் சந்நிதியில் நிற்க முடியாமல் பொற்றாமரைக் குளத்துப் படிக்கு வந்து உட்கார்ந்துகொள்வேன். அம்மனிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல் திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பின வருஷங்கள் அவை.

யுத்தம் முடிந்து சில காலம் ஆனபிறகு மில்லில் தீக்கென்று தனியாக மின்சார மணி வைத்தார்கள். திறப்பு நாளில் எல்லோரையும் கூட்டி மேனேஜர் பேசினார். ஒரு வார்டனின் அறியாமையால் ஏழு உயிர் போயிற்று, அந்தப் பாடத்தை மறக்காமல்தான் இந்த மணி என்றார். என் பக்கத்தில் நின்ற புது ஆள் ஒருவன், "தீப்பிடிக்கையில படுக்கச் சொன்ன கிறுக்கன் எவன் மாப்ள?" என்று கூட்டாளியைக் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வாய் கோணியது. சிரிப்பு மாதிரி ஏதோ என் முகத்திலும் வந்துவிட்டது.  மறுநாள் உசிலம்பட்டி பஸ் ஏறி எழுமலைக்குப் போனேன்.

வார்டன் மனைவி முற்றத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க சங்கு ஊதுறவகதான?" என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை உடைத்துக்கொண்டே இருந்தது. "அவுக உங்ககிட்ட வந்து சொன்னாகளா?" "சொன்னாரு. முன்னாடியும் சொன்னாரு, அன்னைக்கும் சொன்னாரு." அப்போதுதான் கை நின்றது. "இத்தன வருசமா நான் அவுகளத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அம்புட்டுப் புள்ளைகளுக்கும் படுக்கச் சொல்லிக் குடுத்த மனுசனுக்கு எந்திரிக்கச் சொல்லிக் குடுக்கத் தெரியலையேன்னு. வெளக்கு வைக்கிறப்பக்கூட வஞ்சிருக்கேன்."

மன்னித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். "எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய? அந்தத் தெருவுல போய்ச் சொல்லுங்க. ஆறு வீட்டுலயும் சொல்லுங்க. அப்புறம் நான் தண்ணி எடுத்த குழாயடியில நின்னு சொல்லுங்க." வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அந்த ஊரில் இல்லை, கொடுத்தாள். இருந்து சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை.

நான் முதலில் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அன்றோடு எனக்கு மில் வேலை இல்லை. பிறகு தெருவுக்குப் போனேன். வெற்றிலைக்கார அக்கா, "இரு, நானும் வாரேன். தெறக்கப் போனவ கால இழுத்தது நான்தான" என்று கூடவே வந்தாள். முதல் வீட்டில் அப்பன்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை போயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது வீட்டில் அண்ணன்காரன் என் கன்னத்தில் அறைந்தான். மூக்கில் ரத்தம் வந்தது, அக்கா முந்தானையால் துடைத்தாள். மூன்றாவது வீட்டில் அழுதார்கள். நான்காவது வீட்டில் கிழவி ஒருத்தி, அப்படியானால் அந்த மனிதர் வாசலில் கட்டையைக் கொட்டினது பாவம்தானே என்று தன் மருமகளைக் கேட்டாள். மருமகள் உள்ளே போய்விட்டாள். ஐந்தாவது வீட்டில் மனைவியைப் பறிகொடுத்தவன் நான் பேசி முடிக்குமுன் கதவைச் சாத்திக்கொண்டான். குழாயடியிலும் நின்று சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஆறாவது, அந்த மேலூர்ப் பக்கத்துப் பெண் வீடு. ஒத்தக்கடைக்கு அப்பால் அவர்கள் கிராமத்துக்கு இரண்டு தடவை போய்விட்டேன். வீடு இடிந்து கிடக்கிறது. மகள் போன மறு வருஷமே அப்பாவும் அம்மாவும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டுவிட்டார்களாம். போடிக்கு மேலே மலைத்தோட்டம் என்று ஒருவர் சொன்னார். அங்கேயும் போய் மூன்று நாள் தேடினேன். அகப்படவில்லை. எனக்குப் பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை. போய்ச் சொல்ல வழியில்லாததால் இதை எழுதுகிறேன். மலைத்தோட்டத்துப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள், மதுரை மில்லில் மகளைத் தீக்குக் கொடுத்தவர் யாராவது அங்கே இருந்தால் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஐயா, வார்டன் மேல் குற்றமில்லை. உங்கள் மகள் மேலும் குற்றமில்லை. நீங்கள் என்னை நேரில் பார்த்துக் கேட்கவேண்டும் என்று நினைத்தால் மதுரைக்கு வாருங்கள். அந்தக் குழாயடிக்கு எதிர் வீட்டில்தான் இப்போது குடியிருக்கிறேன். என் பெயர் தெரியவேண்டியதில்லை. மில் வாசலில் இறங்கி, அன்றைக்குச் சங்கு ஊதாதவன் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.